பள்ளிக்கரணை சதுப்புநிலமும் நம் வீடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களும், அங்கே வீடு தேடி அலைபவர்களும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சதுப்புநிலத்தின் பக்கம் நின்றுதான் பதில் சொல்கிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் என்றால் எது? ரேடியல் ரோட்டில் போகும்போது இரண்டு பக்கமும் தெரிகிற அந்தத் தண்ணீரா?

அதேதான், ஆனால் ரோட்டிலிருந்து தெரிவது ஒரு துண்டு. தென்சென்னையிலும் அதைச் சுற்றியும் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் என்று ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு, ஒன்றின் கலங்கல் வழியாக அடுத்ததற்கு இறங்கி, கடைசியில் வந்து சேரும் பள்ளம் இது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. தண்ணீர் உள்ளே வர வழிகள் பல, வெளியே போக முக்கியமான வழி ஒன்றே ஒன்று. பழைய வீட்டு முற்றத்தில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் விழுந்து ஒரே தூம்பில் போகுமே, அந்த அமைப்புதான். முற்றத்திலேயே அறை கட்டிவிட்டு, தூம்பையும் பாதி அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் தென்சென்னை பார்த்துக்கொண்டிருக்கிறது.

முன்பு எவ்வளவு பெரியதாக இருந்தது?

1960களில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் என்று சொல்லப்படுகிறது. இன்று ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் சர்வதேசப் பட்டியல்) இருக்கும் பரப்பு 1,247.54 ஹெக்டேர், அதிலும் எல்லா இடமும் சதுப்பாக இல்லை. சுருங்கியதற்குத் தனி ஒரு ஆள் காரணம் கிடையாது. மாநகராட்சியின் பெருங்குடி குப்பைக்கிடங்கு மட்டும் 200 ஏக்கருக்கு மேல் எடுத்துக்கொண்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், பறக்கும் ரயில் பாதை, அரசு ஆய்வு நிறுவனங்கள், துரைப்பாக்கம் பல்லாவரம் 200 அடி சாலை (அதே ரேடியல் ரோடுதான்) எல்லாம் சதுப்பின் மேலேயோ அதன் விளிம்பிலோ வந்தவை. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபின் பழைய மகாபலிபுரம் சாலை முழுக்கக் கணினி நிறுவனங்கள் வந்தன, வேலைக்கு வந்தவர்களுக்குப் பக்கத்திலேயே வீடு தேவைப்பட்டது, இருந்த காலி இடமெல்லாம் வயலும் ஏரியும் சதுப்பும்தான். மேலே இருக்கிற ஏரிகளின் கதையும் அதுவே. வேளச்சேரி ஏரி ஒரு காலத்தில் சுமார் 265 ஏக்கர், இப்போது மிச்சம் 55 ஏக்கர்.

அரசாங்கமே முதலில் இறங்கியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'தரிசு' என்று நினைத்து அரசு குப்பை கொட்டிய நிலத்தை, தனியார் மட்டும் மதித்து ஒதுங்கிப் போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

மக்கள் தொகை பெருகினால் இதெல்லாம் அழியத்தானே செய்யும்? தவிர்க்க முடியாதே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், பலர் கேள்வியாகக் கூட இல்லாமல் முடிவாகவே சொல்லிவிடுகிறார்கள். சென்னையும் அதை ஒட்டிய நகர்ப்பகுதிகளும் சேர்ந்த மக்கள் தொகை 2001-இல் சுமார் 65 லட்சம், 2011-இல் ஏறக்குறைய 87 லட்சம். பெருகியது உண்மை. ஆனால் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்குச் சராசரி குழந்தைகள் இப்போது இரண்டுக்கும் கீழே போய்விட்டது. தலைகளின் எண்ணிக்கையை விட வேகமாகப் பெருகுவது வீடுகளின் எண்ணிக்கை. 2001-க்கும் 2011-க்கும் நடுவில் மாநில மக்கள் தொகை 15 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியபோது, குடும்பங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 1.42 கோடியிலிருந்து 1.85 கோடியாக, அதாவது 30 சதவீதம் கூடியது. கூட்டுக் குடும்பம் பிரிந்தது, பிள்ளைகள் தனியாகப் போனார்கள், வயதானவர்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதே ஆளுக்கு முன்பைவிட அதிக நிலம், அதிகத் தண்ணீர், அதிகச் சாலை, ஒரு கார் நிறுத்துமிடம் எல்லாம் சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. அதே 2011 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் 1.1 கோடிக்கும் அதிகமான வீடுகள் ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தன. முதலீட்டுக்காக வாங்கிப் போட்ட ஃபிளாட், வெளிநாட்டில் இருப்பவரின் வீடு, விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் மனை. இதையெல்லாம் 'மக்கள் தொகைப் பெருக்கம்' என்று சொல்லி முடித்துவிடுவது சரியில்லை. ஒரு பறவைக்கோ ஏரிக்கோ, அந்த வீட்டில் நாலு பேர் இருந்தாலும் யாருமே இல்லாவிட்டாலும் போன நிலம் போனதுதான்.

ஏழைகளுக்கு வீடு வேண்டும். பறவை முக்கியமா, மனுஷன் முக்கியமா?

மனிதர்தான் முக்கியம் என்றே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கூவம் ஓரத்திலும் நகரத்தின் நடுவிலும் குடிசைகளில் இருந்தவர்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், பிறகு எழில் நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டு வந்து அடுக்குமாடிகளில் குடிவைத்தார்கள். பல்லாயிரம் குடும்பங்கள். எல்லாமே இந்தச் சதுப்பையும் அதன் வடிகாலையும் ஒட்டிய தாழ்வான நிலம். வெள்ளத்தில் பாதிக்கப்படுகிறார்கள் என்று ஆற்றங்கரையிலிருந்து தூக்கி, இன்னொரு வெள்ளப் பகுதியில் வைத்தோம். வேலை செய்த இடம் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டது, பள்ளிக்கூடம் மாறியது, மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் தண்ணீர். சதுப்பை அழித்ததால் ஏழைக்கு நல்லது நடந்துவிட்டது என்று யாராவது சொன்னால், பெரும்பாக்கத்தில் ஒரு நவம்பர் மாதம் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பறவைக்கும் ஏழைக்கும் நடுவில் சண்டை மூட்டிவிடுகிற இந்தக் கேள்வி எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிறது, ஏனென்றால் சதுப்பில் மண் நிரப்பி லாபம் பார்த்தவர்கள் யாரும் ஏழைகள் இல்லை.

இன்னும் தண்ணீர் நிற்கிறது, பறவைகளும் வருகின்றன. எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?

வருகின்றன, சந்தோஷம். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், வலசைக் காலத்தில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், சில மாதங்களில் பூநாரைக் கூட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. ஆனால் 'தண்ணீர் இருக்கிறது, பறவை இருக்கிறது' என்பதோடு கணக்கு முடியாது. எவ்வளவு ஆழம், எந்த மாதத்தில் என்பதுதான் விஷயம்.

நெடுங்கால் உள்ளானுக்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் அதன் ஓரத்தில் ஈரச் சேறும் வேண்டும். முக்குளிப்பானுக்கு மூழ்கி எழ ஆழம் வேண்டும். நீளவால் இலைக்கோழிக்கு மிதக்கும் இலைகள் வேண்டும், நீண்ட விரல்களை அகல விரித்து அதன்மேல் நடக்கும், கூடும் அதன்மேல்தான். பெண் பறவை நான்கு முட்டைகளை இட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும், அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் ஆண்தான். மழைக்காலத்தில் ஒரு ஆண் பறவை முட்டைகளைச் சிறகால் அணைத்து உட்கார்ந்திருப்பதைத் தொலைநோக்கியில் பார்த்தால், அந்த இலைத்தட்டு எவ்வளவு மெல்லியது என்று தெரியும்.

ஒரே இடத்தில் இவ்வளவும் கிடைத்தது எப்படி என்றால், சதுப்பு ஐப்பசி கார்த்திகையில் நிரம்பி, பிறகு மெல்ல மெல்ல வற்றி, சித்திரை வைகாசியில் பல இடங்களில் சேறாகி வெடித்துக் கிடந்ததால்தான். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு பறவைக்கு ஏற்ற ஆழம். இப்போது சுற்றியுள்ள குடியிருப்புகளின் கழிவுநீர் ஆண்டு முழுவதும் உள்ளே வருகிறது. அந்த இடங்களில் வற்ற வேண்டிய நேரத்தில் வற்றுவதில்லை, சத்து மிகுந்த அழுக்குத் தண்ணீரில் ஆகாயத்தாமரையும் சம்பும் அடைத்துக்கொள்கின்றன. இதில் நீலத் தாழைக்கோழிக்குக் கொண்டாட்டம், இலைக்கோழியும் சமாளித்துவிடும். திறந்த தண்ணீர் தேடும் வாத்துக்கும், சேறு தேடும் உள்ளானுக்கும் இடம் சுருங்கும். ரோட்டோரம் நூறு தாழைக்கோழியைப் பார்த்துவிட்டு எல்லாம் நலம் என்று போகக்கூடாது என்பது இதனால்தான்.

வீடு கட்டிய இடம் போகும், சரி. கட்டாத இடத்துக்கு என்ன கேடு?

கட்டாத இடத்துக்கு வரும் கேடுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை. சதுப்பின் குறுக்கே ஒரு சாலை போட்டால், சாலையின் அகலம் மட்டும் போவதில்லை. இந்தப் பக்கத் தண்ணீருக்கும் அந்தப் பக்கத் தண்ணீருக்கும் நடுவில் சில பாலக்கண்கள் மட்டும் மிஞ்சுகின்றன, ஒரு பக்கம் தேங்குகிறது, இன்னொரு பக்கம் காய்கிறது. இரவில் ஆமையோ தவளையோ பாம்போ கடக்கும்போது வண்டிச் சக்கரம்.

அப்புறம் தெருநாய்கள். குப்பையும் மிச்சச் சோறும் கிடைக்கும் குடியிருப்பில் நாய்கள் பெருகும், அவை விளிம்பில் இறங்கும். ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் தரையில் முட்டையிடுபவை, முட்டை தரையோடு தரையாகத் தெரியாமல் இருக்கும் என்ற ஒரே பாதுகாப்புதான் அவற்றுக்கு, நாயின் மோப்பத்துக்கு முன்னால் அது செல்லாது. காகமும் பருந்தும் குப்பையால் கூடுகின்றன, அவை குஞ்சுகளைத் தூக்குகின்றன. இரவு முழுக்க எரியும் வெளிச்சம். மனை காலியாக இருக்கும்போதே லாரி லாரியாகக் கொட்டப்படும் கட்டட இடிபாடு. இதில் எதற்கும் ஒரு செங்கல்கூடச் சதுப்புக்குள் வைக்க வேண்டியதில்லை.

2015 வெள்ளத்துக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவ்வளவு மழை பெய்தால் எந்த ஊரும் மூழ்கும் இல்லையா?

மழை அசாதாரணம்தான். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. ஆனால் எந்தத் தெருவில் தண்ணீர் ஒரு நாளில் வடிந்தது, எந்தத் தெருவில் நாள்கணக்கில் நின்றது என்று பாருங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் 2023-இலும் படகில்தான் ஆட்களை மீட்டார்கள். மழை ஊருக்கெல்லாம் பெய்தது, நின்றது அது எப்போதும் போய் நிற்கிற இடத்தில்.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தால் இது எப்படி மோசமாகிறது என்று புரியும். தாழ்வான இடத்தில் பெரிய குடியிருப்பு கட்ட நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். மனையை இவ்வளவு உயரம் மண் நிரப்பி மேடாக்கு என்பது அதில் வழக்கமாக வரும் நிபந்தனை. அப்படியே நிரப்புகிறார்கள். அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் வராது, முன்பு அந்த மனையில் நின்ற தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும். சாலையையும் ஒவ்வொரு முறையும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டு உயர்த்துகிறார்கள். இருபது முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய தனி வீடு இப்போது ரோட்டை விட இரண்டு அடி பள்ளத்தில், வாசல்படியில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். மடிப்பாக்கத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் இப்படி வீடுகளைப் பார்க்கலாம்.

2022-இல் ராம்சார் தளமாக அறிவித்தார்களே, இனி பாதுகாப்புதானே?

முன்பைவிடப் பாதுகாப்பு அதிகம். 2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்ததிலிருந்தே வனத்துறை உள்ளே வந்துவிட்டது, குப்பை பரவுவதற்கு ஓரளவு தடை விழுந்தது அதன்பிறகுதான். ராம்சார் தளம் என்றால் 2017 ஈரநில விதிகள் நேரடியாகப் பொருந்தும். ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாது, ஆக்கிரமிக்கக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, கடந்த பத்தாண்டுச் சராசரி உச்ச வெள்ளக் கோட்டிலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் கூடாது.

சிக்கல் எல்லையில் இருக்கிறது. எந்தச் சர்வே எண் உள்ளே, எது வெளியே, சுற்றியுள்ள தாக்கப் பகுதி எவ்வளவு தூரம் என்பதைத் தரையில் அளந்து அறிவிக்கும் வேலை இழுத்துக்கொண்டே போனது. அந்த இடைவெளியில் அனுமதிகள் போய்க்கொண்டிருந்தன. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லை முடிவாகும் வரை தளத்துக்குள்ளும் அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. வழக்குகள் நகர நகர இந்த நிலை மாறலாம், வாங்குவதற்கு முன் அன்றைய நிலவரம் என்ன என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கம் வீடு வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

வில்லங்கமும் தாய்ப்பத்திரமும் பார்ப்பது போதாது. சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டையும் (நிலம் என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கும். கழுவெளி (சதுப்பு), ஏரி, தாங்கல் (சிறு ஏரி), ஓடை, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு என்று அந்த எண்ணிலோ ஒட்டிய எண்ணிலோ இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டா இருக்கிறது என்பதாலேயே அந்த நிலம் மேடாகிவிடாது. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதியும் ரெரா (கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவும் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, நீர்வளத் துறைச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி நிபந்தனைகளைப் படியுங்கள். எத்தனை அடி மேடாக்கச் சொல்லியிருக்கிறது என்பதே அந்த இடத்தின் ஜாதகத்தைச் சொல்லிவிடும்.

பிறகு, விற்பனைக்காரர் இல்லாத நேரத்தில் தனியாகப் போய், அந்தத் தெருமுனை இஸ்திரிக்காரரிடமும் டீக்கடையிலும் 2015-இலும் 2023-இலும் எதுவரை தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

ஏற்கனவே வாங்கிக் குடிவந்துவிட்டேன். நான் குற்றவாளியா?

இல்லை. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு, அனுமதி பெற்ற வீட்டைத்தான் வாங்கினீர்கள், அனுமதி கொடுத்தவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. இனி செய்யக்கூடியதில் முதலாவது கழிவுநீர். உங்கள் குடியிருப்பின் கழிவுநீர் எங்கே போகிறது என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் டேங்கர் லாரி வந்து எடுத்துப் போகும், அது எங்கே காலி செய்கிறது, சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிய ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். குடியிருப்புக்குள்ளேயே சுத்திகரிப்பு அமைப்பு இருந்தால் அது நிஜமாகவே ஓடுகிறதா, மின்கட்டணத்துக்குப் பயந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒன்று சதுப்புக்கு அதிகம் உதவும்.

சமையலறையை இடித்துக் கட்டும்போது இடிபாடு எங்கே போகிறது என்று மேஸ்திரியிடம் கேட்பதும், சதுப்பை நோக்கிய பக்கம் இரவு விளக்கைக் குறைப்பதும், நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் கருத்தடையும் செய்விப்பதும் அடுத்தடுத்து வரும்.

மனிதரும் பறவைகளும் இவ்வளவு பக்கத்தில் சேர்ந்து வாழ முடியுமா என்ன?

தமிழ்நாட்டில் இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரத்தில் கூடு கட்டுகின்றன. எச்சமும் நாற்றமும் பொறுத்துக்கொண்டு ஊரார் காக்கிறார்கள். அந்த ஊர்களில் ஜனம் இல்லாமல் இல்லை. குளம் குளமாக விடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் புது வீடுகளை எங்கே கட்டுவது?

மேட்டில். ஏற்கனவே சாக்கடையும் பேருந்தும் மெட்ரோவும் இருக்கும் இடங்களில், கூடுதல் மாடிகளோடு. பூட்டிக் கிடக்கும் வீடுகளை வாடகைக்கு விட வைக்கும்படி வரியும் சட்டமும் இருக்க வேண்டும். குடிசை மாற்று வீடுகளை அவர்கள் வேலை செய்யும் பகுதியிலேயே கட்ட வேண்டும். 2022-இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. அதாவது செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், அரக்கோணம் பக்கத்து ஏரிகள் எல்லாம் இனி நகரத் திட்டத்துக்குள். முதலில் ஏரி, கால்வாய், வெள்ளப்பகுதியை வரைபடத்தில் குறித்துவிட்டு, மிச்சத்தில் மனை போடச் சொல்ல வேண்டும். பள்ளிக்கரணையில் அது தலைகீழாக நடந்தது.

பறவை பார்க்க எங்கே, எப்போது போவது?

200 அடி சாலையிலேயே வனத்துறையின் சூழல் பூங்கா இருக்கிறது, 2021-இல் திறந்தது. கார்த்திகை முதல் மாசி வரை, காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் நின்று பார்த்த இனங்களையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், மொட்டைமாடியிலிருந்து எண்ணினாலும் கணக்கில் சேரும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சாலையோரம் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்காதீர்கள், பிள்ளைகளோடு போனால் கட்டாயம் கூடாது, அந்த ரோட்டில் வண்டிகள் வருகிற வேகம் அப்படி.